யாளிமலையின் எண்ணற்ற நிறைகளும் ஒரே ஒரு குறையும்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தது. அந்தச் சோம்பலை முடித்துவைத்த பெருமை கிழக்குத் தாம்பரத்தில், ஒரு மாவு மில்லின் மாடியில் இயங்கும் 'அமிர்தகலசம் இன்டராக்டிவ்' நிறுவனத்தையே சேரும். நாங்கள் 'யாளிமலை'யைப் படைத்தோம்.

யாளிமலை ஒரு வீடியோ கேம். இப்படிச் சொன்னால் எங்கள் எம்.டி. சுப்ரமணியன் சாருக்குக் கோபம் வரும். 'மாயாஜால வீரதீர அனுபவத் தளம்' என்றுதான் சொல்ல வேண்டும் எனக் கூட்டம் போட்டுத் தீர்மானித்திருக்கிறோம். நீங்கள் அமரவீரன் என்கிற இளைஞனாக மாறி, வேப்பங்குடி கிராமத்திலிருந்து கிளம்பி, கோட்டை வாசல்களில் காவலர்களோடு சண்டை போட்டு, மலை உச்சியில் இருக்கும் யாளியை வெல்ல வேண்டும். கதை அவ்வளவுதான். ஆனால் அவ்வளவு சுலபமாக உங்களைக் கிளம்ப விட்டுவிடுவோமா நாங்கள்?

என் பெயர் கதிரேசன். தர உறுதிப் பிரிவின் தலைவர். அந்தப் பிரிவில் வேறு யாரும் இல்லாததால் தலைமை தாங்குவதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் உட்கார்ந்துகொண்டு கேம்களைப் பற்றி யூடியூபில் பேசுகிற ஹர்ஷா என்கிற இளைஞர், 'யாளிமலை: நிறையும் குறையும்' என்று நேரலையில் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டார். ஊரே பார்த்துச் சிரித்துவிட்டது. அவருக்குப் பதில் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதுகிறேன். இதில் உண்மையைத் தவிர வேறெதுவும் கிடையாது.

முதலில் எங்கள் தலைமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுப்ரமணியன் சார் சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனியில் அமெரிக்கக்காரர்களின் இன்ஷூரன்ஸ் விண்ணப்பங்களுக்கு மென்பொருள் செய்தே தலை நரைத்தவர். வாழ்நாளில் ஒரு கேம் கூட விளையாடியதில்லை. பல்லாங்குழி, பரமபதம் உட்பட. அதனால்தான் எந்த விருப்பு வெறுப்பும் இல்லாமல் ஒரு கேம் கம்பெனியை நடத்த அவரால் முடிகிறது. அவர் மனைவி லோகநாயகி மேடம் இயக்குநர்களில் ஒருவர். காலையில் அவர் வந்து தினசரி காலண்டரின் தாளைக் கிழித்து, நல்ல நேரம் பார்த்துச் சொன்ன பிறகுதான் அலுவலகத்தில் மின்விசிறியே சுற்றும்.

யாளிமலையின் தலையாய நிறை அதன் பண்பாட்டுச் செறிவு. அது பிறந்த கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பது என் பூர்வ ஜென்மப் புண்ணியம்.

"இந்தப் பிள்ளை ஊரை விட்டுக் கிளம்பறானே, எத்தனை மணிக்குக் கிளம்பறான்?" என்று கேட்டார் லோகநாயகி மேடம்.

"பிளேயர் எப்ப பட்டன் அமுக்கறாரோ அப்ப, மேடம்," என்றான் டேனியல். எங்கள் ஒரே புரோகிராமர். சேலையூர்க்காரன்.

"ராகு காலத்துல அமுக்கினா?"

கூட்டமே ஸ்தம்பித்துப் போனது. எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே!

"மேடம், இது மாயலோகம் மேடம். அங்க இன்னாத்துக்கு ராகு காலம்?"

"மாயலோகத்துல ராகு கிடையாதா? ராகு என்ன தாம்பரத்துக்கு மட்டும் வந்துட்டுப் போறாரா? கெட்ட நேரத்துல கிளம்பிச் செத்துப்போவான். அப்புறம் கேம் சரியில்லைன்னு நம்ம மேல பழி போடுவாங்க."

சுப்ரமணியன் சார் மேஜையைத் தட்டினார். "பாயின்ட். வெளிநாட்டு கேம் எதுலயாவது இந்த ஃபீச்சர் இருக்கா? சேருங்க."

சேர்த்தோம். ஒரு முழு வருடத்துக் காலண்டரையும் டேனியல் கேமுக்குள் ஏற்றினான். ராகு காலம் வந்துவிட்டால் அமரவீரன் இடுப்பில் வாளைச் செருகிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவான். நீங்கள் எந்தப் பட்டனை அமுக்கினாலும் "கொஞ்சம் பொறுங்க" என்பான். எமகண்டத்திலும் அப்படியே. பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். பூனையையும் நாங்களே ஏற்பாடு செய்திருந்தோம்.

இதைவிட முக்கியம் வேப்பங்குடி மக்களின் பண்பு. அமரவீரனைத் தெருவில் பார்த்ததும் ஒவ்வொருவரும் அன்பாக, "எங்க கிளம்பிட்டீங்க?" என்று விசாரிப்பார்கள். கிளம்பும்போது எங்கே என்று கேட்டால் காரியம் உருப்படுமா? ஆகவே அமரவீரன் திரும்பி வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவான். அவர்கள் மறுபடி கேட்பார்கள். அவன் மறுபடி தண்ணீர் குடிப்பான். இதை ஹர்ஷா, 'கேம் நகரவே மாட்டேங்குது' என்று குறையாகச் சொல்கிறார். பண்டிகைக்கு முதல் நாள் பெருங்களத்தூரில் பஸ் நகர்வதை வருடா வருடம் பார்க்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது?

அடுத்த நிறை ஒலி. மலைக்குகைக்குள் அசுரர்கள் உறுமுவது போல ஒரு பயங்கர ஓசை கேட்கும். அது கீழே இருக்கிற மாவு மில். தனியாகப் பதிவு செய்ய வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. நாங்கள் எதைப் பதிவு செய்தாலும் அது தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. உற்றுக் கேட்டால் அசுரர்களின் உறுமலுக்கு நடுவே "அக்கா, கேழ்வரகு உன்னுதா?" என்று ஒரு குரலும் கேட்கும். மர்மம் கூடுகிறது.

இனி சத்யபிரியாவுக்கு வருவோம்.

இந்தப் பெண்தான் எங்கள் ஓவியர். ஊர் இரும்புலியூர். எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமியை விட்டுவிட்டுத் தூணையே பார்த்துக்கொண்டு நிற்பவள். சேர்ந்த நாளிலிருந்து இவள் செய்தது ஒரே வேலை, யாளி. சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, பிதுங்கிய விழி. கல்லாக நிற்கும், அடுத்த கணம் மூச்சு விடும். மூன்று வருடம் அதன் பிடரி மயிரை ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, இது சம்பளத்துக்குள்ள வர்ற வேலைதானா?" என்று நானே எச்சரித்திருக்கிறேன்.

கேம் வெளியாவதற்குச் சில நாள் முன்பு எம்.டி. அவளை அழைத்தார். அவரிடம் ஒரு டிராகன் தயாராக இருந்தது. வெளிநாட்டு டிராகன். ரெடிமேடாக இணையத்தில் விற்கிறார்கள். இறக்கை, நெருப்பு எல்லாம் சேர்த்தே வந்துவிடும்.

"டிராகன்னா உலகத்துக்கே தெரியும். யாளின்னா யாருக்கும்மா தெரியும்?" என்றார் எம்.டி.

"காட்னாதான சார் தெரியும்?"

"பேரு யாளிமலைன்னு போர்டு எழுதியாச்சு, அது இருக்கட்டும். உள்ள டிராகனை வெச்சுடலாம்."

சத்யபிரியாவின் கண் கலங்கிவிட்டது. "சார், மூணு வருஷம் சார். வூட்ல கல்யாணம் கல்யாணம்னு நச்சு பண்ணிக்கினு கீறாங்க. என் யாளி வெளிய வந்துரட்டும்னு சொல்லிக்கினு கீறேன். ஒருத்தராவது பாக்கட்டும் சார். பாத்துட்டு நல்லால்லன்னு சொன்னா நானே தூக்கிக் கடாசிடறேன்."

எங்கள் எம்.டி. இரக்க சுபாவம் உள்ளவர். "சரி. வெளியாகிற அன்னிக்கு அந்தப் பெருங்களத்தூர்ப் பையன் ஹர்ஷா லைவ்ல விளையாடறானாம். அவன் யாளியைப் பார்த்து நல்லதா ஒரு வார்த்தை சொன்னா யாளி இருக்கும். இல்லேன்னா மறுநாளே டிராகன்."

அவள் ஒப்புக்கொண்டாள். நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"கதிரேசன் சார், நீங்க உச்சி வரைக்கும் வெளாடிப் பாத்தீங்கதான? யாளி கரீட்டா வருதா?"

தரப் பரிசோதனை என்றால் விளையாடிப் பார்ப்பது என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். அமரவீரனின் வேட்டிக் கரை இரண்டு காலிலும் ஒரே அகலமா, 'கொஞ்சம் பொறுங்க' என்பதில் ஒற்று விட்டிருக்கிறதா, இவையெல்லாம் யார் பார்ப்பது? நான் பார்த்தேன். விளையாடத்தான் நேரம் கிடைக்கவில்லை. வேப்பங்குடியைத் தாண்டி இந்த அலுவலகத்தில் ஒருவரும் போனதில்லை. டேனியல் மட்டும் ஒருமுறை இரண்டாவது வாசல் வரை போனான், எமகண்டம் வந்துவிட்டது.

"எல்லாம் தரத்துக்கு உட்பட்டே இருக்கும்மா," என்றேன்.

வெளியீட்டுக்கு நாள் குறித்தவர் லோகநாயகி மேடம். ஆயுத பூஜை! விடுமுறை நாள், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், வீர விளையாட்டுக்குப் பொருத்தமான தினம். இதைவிட நல்ல நாள் உண்டா? முதல் நாளே டேனியல் எல்லாவற்றையும் இணையக் கடையில் ஏற்றிவைத்தான். நல்ல நேரம் வந்ததும் கேம் தானாகவே உலகுக்கு வெளியாகிவிடும். நாங்கள் பூஜையில் கவனம் செலுத்தலாம்.

பூஜை அமோகமாக நடந்தது. அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களை அணைத்து, துடைத்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம் வைத்தோம். சர்வருக்கு மாலை போட்டோம். கீபோர்டுகளை அடுக்கி அவற்றின் மேல் பூச்சரம். பேனா, ஸ்டேப்ளர், காபி மெஷின், ஒன்று விடாமல் பூஜையில் வைத்தாயிற்று. டேனியல் கிறிஸ்துவன்தான், ஆனால் பூசணிக்காய் உடைப்பதில் இந்த வட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாசலில் அவன் ஒன்றைப் போட்டு உடைத்த உடைப்பில் மாவு மில்காரரே கை தட்டினார். அப்புறம் தன் பைக்குக்கும் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டான். பொரியும் சுண்டலும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

அப்போது டேனியலின் செல்போன் சிணுங்கியது. பார்த்தான். வாயிலிருந்த சுண்டல் அப்படியே நின்றது.

"சத்யா... பேஜாராப் போச்சு."

"இன்னாடா?"

"கேம் வாங்கினவங்கல்லாம் கேக்கறாங்க. வாள் எங்கன்னு."

"எங்க?"

"பூஜைல."

விஷயம் இதுதான். போன வருடம் ஒரு கூட்டத்தில் லோகநாயகி மேடம், "ஆயுத பூஜை அன்னிக்கு ஒரு வீரன் வாளைத் தொடுவானா?" என்று கேட்டிருந்தார். எம்.டி. மேஜையைத் தட்டியிருந்தார். டேனியல் சேர்த்திருந்தான். பிறகு எல்லோரும் மறந்துவிட்டோம். காலண்டர் மட்டும் மறக்கவில்லை. இன்றைக்கு யாளிமலையில் ஒவ்வொரு வாளும், வில்லும், வேலும் சந்தனப் பொட்டோடு சரஸ்வதி முன்னால் அடுக்கியிருக்கிறது. தொட்டால், 'ஆயுதங்கள் பூஜையில் உள்ளன. நாளை வருக' என்று அறிவிப்பு வரும். அதில் ஒற்றுப்பிழை இல்லை. நானே சரிபார்த்தது.

சத்யபிரியா எழுந்தே நின்றுவிட்டாள். "நாலு மணிக்கு ஹர்ஷா லைவ் வர்றாரு! வாள் இல்லாம அவரு எப்படி உச்சிக்குப் போவாரு? என் யாளியை எப்படிப் பாப்பாரு? டேனி, மாத்துடா!"

"மாத்தறது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா..." என்று அவன் பூஜை அறையைப் பார்த்தான்.

அவன் கம்ப்யூட்டர் மாலையோடு வீற்றிருந்தது.

"மேடம், ஒரே ஒரு கம்ப்யூட்டர். ரெண்டே நிமிஷம்," என்று கெஞ்சினாள் சத்யபிரியா.

"சரஸ்வதி வந்து உட்கார்ந்திருக்கா. எழுந்திருன்னு சொல்றியா நீ? நாளைக்கு விஜயதசமி, காலைல எடுத்துக்கலாம்."

"நாளைக்கு டிராகன் வந்துடும் மேடம்!"

"வந்தா பொரி கொடு."

எம்.டி.யிடம் ஓடினாள். அவர் நிலைமையின் தீவிரத்தை உடனே உணர்ந்து, ஒரு அவசரக் கூட்டம் கூட்டினார். ஆனால் கூட்டக் குறிப்பு எழுத வேண்டிய பேனாக்கள் பூஜையில் இருந்ததால் கூட்டம் செல்லாது என்று நான் சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று. எம்.டி. என் கையைக் குலுக்கிவிட்டு, தன் காரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றக் கீழே போனார்.

மேடம் செல்போனை மட்டும் பூஜையில் வைக்கச் சொல்லவில்லை. 'அது ஆயுதம் இல்லை, உடம்போட ஒரு பாகம்' என்று முன்பே தீர்ப்பளித்திருந்தார். அதனால் நாலு மணிக்கு நாங்கள் சத்யபிரியாவின் செல்போனைச் சூழ்ந்து உட்கார்ந்தோம். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கே பாவமாக இருந்தது.

திரையில் ஹர்ஷா வந்தார். "வணக்கம் மக்களே! நம்ம தாம்பரத்துலயே செஞ்ச கேம். வாளை எடுத்தோமா, கிளம்பினோமா... இருங்க, வாள்ல சந்தனம் இருக்கு? 'நாளை வருக'வா? என்னங்க இது, ரேஷன் கடையா?"

விழுந்து விழுந்து சிரித்தார். சத்யபிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, வெறுங்கையோட போவோம்," என்று தெருவில் இறங்கினார். "எங்க கிளம்பிட்டீங்க?" என்றது ஒரு கிழவர் பொம்மை. அமரவீரன் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்தான். மறுபடி இறங்கினார். "எங்க கிளம்பிட்டீங்க?" மறுபடி தண்ணீர். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. "டேய், எனக்கே வயிறு உப்பிப்போச்சுடா," என்று அலறினார் ஹர்ஷா.

"அவ்ளோதான். மூடிட்டுப் போகப் போறாரு," என்றாள் சத்யபிரியா.

போகவில்லை. அமரவீரனின் பையைத் திறந்து பார்த்தார். வழக்கமாக அம்பும் மூலிகையும் இருக்கும் பையில் அன்று பொரியும் சுண்டலும்தான் இருந்தன. பிரசாதம். அதுவும் மேடம் சொல்லிச் சேர்த்தது. ஹர்ஷாவின் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது. எதிரே வந்த கிழவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு பிடி சுண்டலை நீட்டினார். கிழவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். கேட்கவில்லை!

"வாயில சுண்டல் இருந்தா எப்படிக் கேப்பாங்க, எங்கன்னு?" என்று கத்தினார் ஹர்ஷா.

"யம்மாடி, இது எனுக்கே தோணலியே!" என்று தொடையில் அடித்துக்கொண்டான் டேனியல்.

தெரு முழுக்கச் சுண்டல் கொடுத்தபடியே ஓடினார். முதல் வாசல். காவலர்கள் நின்றார்கள். அவர்கள் வேலும் பூஜையில் இருந்தது! வேல் இல்லாமல் எப்படிச் சண்டை போடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தாலுகா ஆபீசில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். ஹர்ஷா பொரி கொடுத்தார். வழி விட்டார்கள். அடுத்த வாசல், பொரி. அதற்கடுத்தது, பொரி. நாற்பது மணி நேரம் ரத்தம் சிந்திக் கடக்க வேண்டிய கோட்டைகளை அந்த மனிதர் பண்டிகைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர் போலக் கடந்து போனார். அன்றைய ராகு காலமும் எமகண்டமும் காலையிலேயே முடிந்திருந்தன. அவரைத் தடுக்க நாட்டில் சட்டமே இல்லை.

மாவு மில் உறுமியது. குகை திறந்தது. உச்சி.

யாளி நின்றது.

அதை டேனியல் கேமில் 'வாகனம்' என்கிற பிரிவில் போட்டிருந்தான். கதைப்படி அது மலையை ஆளும் அரசனின் வாகனமாயிற்றே! ஆகவே அதற்கும் பூஜை நடந்திருந்தது. கழுத்தில் சாமந்தி மாலை. நெற்றியில் சந்தனம். நான்கு பாதத்தின் கீழும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். மாலைக்கு நடுவே பிடரி ஒவ்வொரு மயிராகக் காற்றில் அசைந்தது. கல் மாதிரி இருந்த மார்பு மெதுவாக மூச்சு விட்டது. பிதுங்கிய விழி திரும்பி எங்களைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், செல்போனை விட்டு நான் பின்னால் நகர்ந்தேன்.

ஹர்ஷா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மக்களே... ஒரு நிமிஷம். நான் சும்மா பாக்கறேன்," என்றார்.

யாளி ஒரு காலைத் தூக்கி வைத்தது. எலுமிச்சம்பழம் நசுங்கித் தெறித்தது. தும்பிக்கையை நீட்டியது. எதிரியைச் சுருட்டி விழுங்குவதற்காகச் சத்யபிரியா செய்து வைத்திருந்த தும்பிக்கை அது. அமரவீரனின் உள்ளங்கையில் மிச்சமிருந்த சுண்டலை அது அலுங்காமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

"அய்யோ, சாப்பிடுதுடா! இதைப் போயி வெட்டணுமா நான்? மாட்டேன் போ! யாருங்க இதைச் செஞ்சது? அவங்க கையைக் காட்டுங்க, கண்ணுல ஒத்திக்கறேன்!"

சத்யபிரியா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். டேனியல் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். லோகநாயகி மேடம் கூட, "பாவம், பசி போல இருக்கு குழந்தைக்கு," என்றார்.

அந்த நேரம் பார்த்து எம்.டி. மேலே வந்தார். நெற்றியில் விபூதி, கையில் கார்ச் சாவி. எங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் நகரவில்லை.

"அடேயப்பா! யாரோட கேம் இது?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"கண்ணைப் பாரு, உயிரோட இருக்கு! ஏம்மா சத்யபிரியா, நல்லாப் பாத்துக்கோ. வேலைன்னா இது வேலை. நீயும்தான் மூணு வருஷமா யாளி யாளின்னு என்னத்தையோ சீவிக்கிட்டு உட்கார்ந்திருக்க. இந்த மாதிரி ஒண்ணு உன் கையில வந்துச்சா?"

"சார்," என்றாள் சத்யபிரியா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதான் சார் அது."

"எது?"

"நம்ம யாளி. நம்ம கேமு."

எம்.டி. நிமிர்ந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் படிப்படியாக இறங்கியது. என் பக்கம் திரும்பினார்.

"கதிரேசன், இது நம்ம கேமா?"

"ஆமாம் சார்."

"நல்லா இருக்கே?"

"ஆமாம் சார்."

"அப்போ எங்கேயோ கோளாறு. உடனே கண்டுபிடிங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நான் தலைவராக ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. கம்ப்யூட்டர்களை எடுத்தோம். காவலர்கள் கைக்கு வேல் திரும்பியது. வேப்பங்குடியில் சுண்டல் தீர்ந்தது. ராகு காலம் சரியான நேரத்தில் வந்தது. எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று மூச்சு விட்டோம். ஆனால் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் கம்ப்யூட்டரில் தேதியைத் திருப்பி, தினமும் ஆயுத பூஜை ஆக்கிக்கொண்டார்கள்! சுண்டலோடு மலை ஏறி, யாளிக்கு ஊட்டிவிட்டு, தும்பிக்கையோடு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருவர் கூட வாளைத் தேடவில்லை.

"பஞ்சாங்கத்தையே ஏமாத்தறாங்களே!" என்று மேடம் பதறிப்போனார்.

அவசரக் கூட்டம். இந்தமுறை பேனா இருந்தது.

"சார், நீங்க சொன்னீங்க," என்று ஆரம்பித்தாள் சத்யபிரியா. "ஹர்ஷா நல்லதா ஒரு வார்த்தை சொன்னா யாளி இருக்கும்னு."

"ஒரு வார்த்தைன்னு சொன்னேன். அவர் ஒரு மணி நேரம் சொல்லிட்டார். அது வேற விஷயம்," என்றார் எம்.டி.

பிறகு என் கருத்தைக் கேட்டார்கள். தரம் என்றால் என்ன? சீராக இருப்பது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் என்று இருந்தால் அது தரமா? யாளி ஒன்று இருப்பதால்தானே மற்றதெல்லாம் மட்டமாகத் தெரிகிறது? இதைத்தான் எடுத்துரைத்தேன். எம்.டி. மேஜையைத் தட்டினார். அன்று மாலையே டிராகன் ஏறி உட்கார்ந்தது. ரெடிமேட். கச்சிதம். மற்ற கேம்களில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கிறது.

சத்யபிரியா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ யாளியை நான் எத்துக்கினு போலாமா சார்?"

"தாராளமா. பழைய பொருளை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ணப் போறோம்?" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் எம்.டி. நான் சொன்னேனே, இரக்க சுபாவம்.

அவள் எடுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே, "சார், நானும் பழைய பொருள்தான்," என்று சொல்லிவிட்டு டேனியலும் போனான். இருவரும் மாடம்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து ஏதோ செய்திருக்கிறார்கள். அதில் வாளே கிடையாதாம். யாளியைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ச் சுண்டல் வாங்கித் தர வேண்டுமாம். இதெல்லாம் ஒரு கேமா? ஹர்ஷா வாரா வாரம் அதைத்தான் விளையாடுகிறார். மின்சார ரயிலில் பாதிப் பேர் குனிந்த தலை நிமிராமல் அதைத்தான் விளையாடுகிறார்கள். போதாக்குறைக்கு, ராகு காலத்தில் வேறு காரியம் ஆரம்பிக்கக் கூடாதே என்று லோகநாயகி மேடமும் அதையே விளையாடுகிறார்.

அமிர்தகலசம் இன்டராக்டிவ் இதற்கெல்லாம் அசரவில்லை. வேப்பங்குடியில் இப்போது கூட்டம் இல்லாததால் அமரவீரன் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கிறான். மாவு மில் முன்னைவிடக் கம்பீரமாக உறுமுகிறது.

ஆகவே மதிப்பிற்குரிய ஹர்ஷா அவர்களே, உங்கள் விமர்சனத்துக்கு எங்கள் இறுதிப் பதில் இது. நீங்கள் குறை என்று அடுக்கிய அத்தனையும் முறையாகக் கூட்டம் போட்டு, மேஜையைத் தட்டி எடுத்த முடிவுகள். அவற்றில் கை வைக்க முடியாது. நீங்கள் நிறை என்று பாராட்டிய அந்த ஒன்று மட்டும் எங்கள் கவனக்குறைவால் உள்ளே நுழைந்துவிட்டது. வருந்துகிறோம். நீக்கிவிட்டோம்.